பென்சில்வேனியாவின் பழைய கல் பண்ணைவீடு: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

பென்சில்வேனியாவின் தென்கிழக்கில் பக்ஸ், மான்ட்காமரி, செஸ்டர், பெர்க்ஸ், லங்காஸ்டர் மாவட்டங்களின் கிராமச் சாலைகளில் போனால், அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பே கட்டிய கல் பண்ணைவீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருப்பதைப் பார்க்கலாம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் ஜெர்மன் பேசிய குடியேறிகளும் கட்டியவை. அருங்காட்சியகமாகப் பேணப்படுபவை சிலதான். லங்காஸ்டரில் 1719-இல் கட்டிய ஹான்ஸ் ஹெர் வீடு ஒன்று. மான்ட்காமரியில் 1758-இல் கட்டிய பீட்டர் வென்ட்ஸ் பண்ணை இன்னொன்று. அது 1777 அக்டோபரில், அமெரிக்க விடுதலைப் போரின் ஜெர்மன்டவுன் சண்டைக்கு முன்னும் பின்னும் தளபதி வாஷிங்டன் தங்கிய இடம். மற்றவை பெரும்பாலும் தனியார் வீடுகள், கை மாறிக்கொண்டே இருப்பவை.

இப்படி ஒரு வீட்டை வாங்கியவர் முதல் வருடம் செய்யும் செலவு பெரும்பாலும் தப்பான இடத்துக்குப் போகிறது. கூரை ஒழுகலும் மழைத்தண்ணீர் வடிகாலும் அப்படியே கிடக்கும். சுவரின் இடுக்குகளுக்கு மட்டும் சிமென்ட் வைத்துப் பாயின்டிங் பண்ணிவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். சில ஆண்டுகளில் கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும், சுவருக்குள் இருக்கும் உத்திர நுனி மக்கும். சரியான வரிசை வேறு: முதலில் தண்ணீர், அடுத்து மரம், கடைசியில் சாந்து.

சுவருக்குள் என்ன இருக்கிறது

வெளியிலிருந்து பார்த்தால் முழுக் கல் சுவர் போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு சுவர். உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே சில்லுக் கல்லும் களிமண்ணும். மொத்தக் கனம் 18 முதல் 24 அங்குலம். இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்க இடையிடையே நீளக் கல் போட்டிருப்பார்கள். எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது. உள்ளே கல்லை உட்கார வைத்த சாந்து பெரும்பாலும் களிமண். கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருக்கலாம். வெளியே தெரியும் ஓரங்குலம்தான் நல்ல சுண்ணாம்புச் சாந்து.

கல் அந்தந்த நிலத்தில் கிடைத்தது. லங்காஸ்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல், மான்ட்காமரி, பக்ஸ் பக்கம் செம்பழுப்பு மணற்கல், பிலடெல்பியாவை ஒட்டிய பகுதியில் அபிரகம் மினுங்கும் விஸ்ஸஹிக்கன் கல். மணற்கல்லும் அபிரகக் கல்லும் அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை உடையவை, அதனால் ஈரமும் உறைபனியும் அவற்றைத்தான் முதலில் தாக்கும்.

மழை இந்தச் சுவருக்குள் நுழையத்தான் செய்யும். நுழைந்தது வெளியேறும் வழி சுண்ணாம்புச் சாந்து. கல்லைவிடச் சாந்து மென்மையாக இருப்பதால் ஈரம் அதன் வழியே வந்து காய்கிறது. உப்பு பூத்தாலும் சாந்தில் பூக்கும், உதிர்ந்தாலும் சாந்துதான் உதிரும். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை சாந்தை மாற்றலாம். கல்லை மாற்ற முடியாது.

வீட்டின் வயதைப் படிப்பது

சுத்தியலை எடுப்பதற்கு முன் எது பழையது, எது பின்னால் சேர்த்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முக்கோணச் சுவரின் உச்சியில் ஆண்டு பொறித்த கல் இருக்கலாம். அதை மட்டும் நம்பக் கூடாது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது கல்லை மட்டும் எடுத்துப் பதித்திருப்பார்கள்.

ஆணி பொய் சொல்லாது. கொல்லன் அடித்த ஆணியின் தலை பூவிதழ் போலச் சமமில்லாமல் இருக்கும். 1790-களுக்கு முந்தைய வேலை என்றால் பெரும்பாலும் இதுதான். தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி அதற்குப் பின் 1890 வரை. உருண்டைக் கம்பி ஆணி அதற்கும் பின். பலகையில் வாள் விட்ட கோடுகள் நேராக இருந்தால் பழசு. வில் போல வளைந்திருந்தால் வட்ட வாள் வந்த பிறகு அறுத்தது, அதாவது 1830-களுக்கு முன்னால் இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய பலகையை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கவும் கூடும், ஆகவே ஆணியையும் வாள் கோட்டையும் சேர்த்தே பாருங்கள்.

காகிதத்தில் தேட வேண்டியது 1798-ஆம் ஆண்டு மத்திய அரசு விதித்த நேரடி வரிப் பட்டியல். வீட்டின் நீள அகலம், கல்லா மரமா, எத்தனை ஜன்னல், கூடவே என்னென்ன கொட்டில்கள் என்று எழுதிவைத்தார்கள். பென்சில்வேனியாவுக்கு இந்தப் பட்டியல் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கிறது. 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பில் உங்கள் வீடு வந்திருந்தால், அளவு வரைபடமே காங்கிரஸ் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சட்டத்தில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் வீடு இருப்பதால் மட்டும், சொந்தப் பணத்தில் வேலை செய்யும் உரிமையாளருக்கு எந்தத் தடையும் கிடையாது. தடை வருவது உள்ளூரிலிருந்து. மாநிலத்தின் 1961-ஆம் ஆண்டு 167-ஆம் சட்டத்தின்கீழ் ஊர் தன் வரலாற்றுப் பகுதியை அறிவித்திருந்தால், சாலையிலிருந்து தெரியும் மாற்றத்தை ஊரின் கட்டடக்கலை ஆய்வுக் குழு பார்த்துப் பரிந்துரைக்கும், ஊர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வாங்கும் முன்பே டவுன்ஷிப் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் சுமார் 620 கேலன் தண்ணீர் வடிகிறது. அது சுவரடியில் விழுகிறதா, பத்தடி தள்ளி விழுகிறதா என்பதில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நல்ல மழை நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி வருவதைவிடப் பெரிய ஆய்வு கிடையாது. தண்ணீர் எங்கே தெறிக்கிறது, எந்தக் குழாய் மூட்டில் கசிகிறது, நிலவறைச் சுவரில் எந்த உயரம் வரை ஈரம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கூரை ஸ்லேட் என்றால் உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். பென்சில்வேனியா-மேரிலாண்ட் எல்லையில் வெட்டிய பீச் பாட்டம் ஸ்லேட் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் உழைக்கும். அதைப் பிரித்துவிட்டுத் தார் ஓடு போடச் சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடலாம். மாற்றும் ஓட்டுக்குச் செம்பு ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் கொக்கி போட வேண்டும், மேல் வரிசை கீழ் வரிசைக்கு அடுத்த வரிசையின்மேல் 3 அங்குலம் ஏறி இருக்க வேண்டும். தார் பூசி அடைத்தால் ஒழுகும் இடம் மறையும், ஒழுகல் நிற்காது.

பல வீடுகளில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே சுவரைச் சுற்றி ஒரு குட்டிச் சாய்கூரை இருந்திருக்கும். பென்ட் கூரை என்பார்கள். கீழ்ச்சுவரை மழையிலிருந்து காக்கவே அதை வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் பழசு என்று பிடுங்கிவிட்டார்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாக அடைத்த சதுர ஓட்டைகளோ, வெட்டிய உத்திர நுனிகளோ தெரிந்தால் அது அங்கே இருந்தது என்று அர்த்தம். திரும்பக் கட்டுவது அழகுக்கான வேலை மட்டும் அல்ல.

தரை மட்டம் சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு ஆறு அங்குலமாவது சரிய வேண்டும். இருநூறு வருடப் பூச்செடி மண்ணும் இலைமக்கும் சேர்ந்து வாசற்படிக் கல்லை மூடியிருக்கும். அதை வெட்டி இறக்குங்கள். சுவரை ஒட்டிய பாக்ஸ்வுட் செடியையும் ஐவி கொடியையும் எடுத்துவிடுங்கள். கொடியைப் பச்சையாகப் பிடித்து இழுத்தால் சாந்தும் கூடவே வரும். அடியில் வெட்டிவிட்டுச் சில மாதம் காயவைத்துப் பிறகு உரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலவறை ஈரமாக இருக்கிறது என்று சுவரை ஒட்டியே ஆழமாகப் பள்ளம் தோண்டி வடிகுழாய் போடச் சொல்வார்கள். இந்த வீடுகளின் கடைக்கால் அகலமானது அல்ல. கீழ்க்கல் நேரே மண்ணில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து மண்ணை எடுத்தால் சுவர் இறங்கும். கடைக்காலின் அடிவிளிம்பிலிருந்து 45 பாகையில் வெளியே, கீழ்நோக்கி ஒரு கோடு போட்டுப் பாருங்கள்; பள்ளம் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

நிலவறைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பெர்க்ஸ் மாவட்டத்தின் பாயர்டவுன் பக்கம் 1984-இல் ஒரு வீட்டுக்குள் மண்ணிலிருந்து கசிந்த ரேடான் என்ற கதிரியக்க வாயு அங்கே குடியிருந்த பொறியாளர் மேல் படிந்து, அவர் வேலை பார்த்த லிமெரிக் அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சு அலாரத்தையே ஒலிக்கவைத்தது. அமெரிக்காவில் வீட்டு ரேடான் பற்றிய பேச்சு பெரிதானது அதற்குப் பிறகுதான். மண் தரை நிலவறை என்றால் அளக்காமல் விடாதீர்கள். ஒரு லிட்டர் காற்றில் கதிரியக்கம் 4 பிகோகியூரியோ அதற்கு மேலோ வந்தால் தரையில் கனமான பாலித்தீன் விரித்து, ஓரம் அடைத்து, அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்துக் கூரைக்கு மேல் வெளியேற்ற வேண்டும்.

மரம்

உத்திரங்களும் தரைச் சட்டங்களும் பெரும்பாலும் வெள்ளை ஓக். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் நுழைந்த ஆறு அங்குலம் மாவாகியிருக்கும். நிலவறையிலிருந்து ஒவ்வொரு நுனியையும் குத்தூசியால் குத்திப் பாருங்கள்: கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் மக்கல். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மக்கத் தொடங்கியிருக்கிறது அல்லது தொடங்கப் போகிறது. வெளியில் ஈரம் நின்றதை உறுதி செய்த பிறகே நுனியை வெட்டிப் புது ஓக் கட்டையைப் பக்கவாட்டில் போல்ட் போட்டுச் சேர்க்கலாம். கட்டையின் நுனியைச் சாந்தில் புதைக்காமல் மூன்று பக்கமும் அரை அங்குலம் காற்று விடுங்கள். பூச்சி துளைத்த மரத்துக்குப் போரேட் கரைசல் அடித்தால் போதும்.

சுவர் வயிறு தள்ளியிருந்தால் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு ஒவ்வொரு அடிக்கும் அளந்து குறியுங்கள். தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறதா? இரண்டு முகமும் பிரிந்துவிட்டன. அது கொத்தனார் வேலை அல்ல. பழைய கல் கட்டடம் தெரிந்த ஸ்டிரக்சரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்து ஒரு முழு ஆண்டு பாருங்கள். குளிரில் திறந்து கோடையில் மூடும் விரிசல் பயப்பட வேண்டியது அல்ல. ஒரே திசையில் அகலமாகிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

சிமென்டை எடுப்பதா, விடுவதா

அமெரிக்காவில் போர்ட்லண்ட் சிமென்டுக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் டேவிட் சேலர், 1871-இல், இதே பென்சில்வேனியாவின் கோப்ளேயில். ஆக இந்த வீடுகளுக்கு மிகப் பொருந்தாத சாமான் இவற்றின் பக்கத்து ஊரிலேயே பிறந்தது. சாம்பல் நிறமாக, கல்லின் முகத்துக்கு மேல் பட்டை போலப் புடைத்து, திருப்புளியால் கீறினால் கோடு விழாமல் இருக்கும் பாயின்டிங் சிமென்ட்தான். சுண்ணாம்புச் சாந்து கீறினால் பொடியாகும், வெள்ளைத் துகள் தெரியும்.

சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் கல் வழியே போகும். குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும்போது கல்லின் முகம் கழன்று வரும். சாந்து மட்டும் துருத்திக்கொண்டு, கல் உள்வாங்கிக் கிடக்கும் சுவரைப் பார்த்தால் காரணம் இதுதான்.

ஆனாலும் எல்லாச் சிமென்டையும் பிடுங்க வேண்டும் என்பதில்லை. விரிந்து கழன்றிருப்பதைச் சுத்தியலும் மெல்லிய உளியும் வைத்து எடுத்துவிடலாம். பெரும்பாலும் அது கல்லோடு ஒட்டாமல் முழுத் துண்டாக வரும். கல்லின் விளிம்போடு இறுகி நிற்பதை எடுக்கப் போனால் விளிம்பு உடையும். அதை விட்டுவிடுங்கள், இன்னும் இருபது வருடத்தில் தானே கழலும். கிரைண்டர் வேண்டாம். ஒழுங்கில்லாத கல் இடுக்கில் அது நேர்கோடு போட்டுக் கல்லையும் அறுத்துவிடும், அந்தத் தழும்பு போகாது. மணல் வீசித் தேய்ப்பதும், 'மூச்சு விடும்' என்று விற்கும் நீர்த்தடைப் பூச்சு அடிப்பதும் இதே கணக்குதான்.

பாயின்டிங், படிப்படியாக

பருவம்: ஏப்ரல் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை. 40 பாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் நாளில் சாந்து வைக்கக் கூடாது. வைத்த பிறகும் பல வாரங்கள் உறைபனி படக் கூடாது. அக்டோபர் கடைசியில் அவசரப்பட்டு முடித்த வேலை மார்ச்சில் தரையில் கிடக்கும்.

பழைய சாந்து மாதிரியை மழை படாத இறவாணத்துக்கு அடியிலிருந்து எடுங்கள், கைப்பிடி அளவு. ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மறுபாதியைப் பொடித்து மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து அதற்கு ஒத்த மணலைத் தேடுங்கள். சாந்தின் நிறத்தைத் தருவது மணல்தான். கூர்முனை உள்ள, கழுவிய, பெருமணலும் பொடியும் கலந்த மணல் வேண்டும். விளையாட்டுத் திடல் மணல் எல்லாம் ஒரே பருமன், அது வெடிக்கும்.

எவ்வளவு சுண்ணாம்பு? மணலையே கேளுங்கள். ஒரு லிட்டர் குவளையில் நன்றாகக் காய்ந்த மணலை விளிம்பு வரை நிரப்பி, மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே போன தண்ணீரின் அளவு மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். அந்த இடத்தைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். 330 மில்லி போனால் ஒன்றுக்கு மூன்று, 400 போனால் ஒன்றுக்கு இரண்டரை. வாளியால் அளவுங்கள், எடையால் அளந்தால் கணக்குத் தப்பும்.

இயற்கை நீரியல் சுண்ணாம்பு என்.எச்.எல். 2, 3.5, 5 என்று மூன்று வலிமையில் வருகிறது. வெளிச்சுவருக்குப் பொதுவாக 3.5. மெத்தென்ற மணற்கல்லுக்கும் உட்பக்கத்துக்கும் 2. ஐந்தை எப்போதும் நனைந்திருக்கும் அடிவரிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 'லைம் மார்ட்டர்' என்று விற்பதில் சிமென்ட் கலந்திருக்கலாம்; பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம்மூர்க் கொத்தனார் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றியது போல இங்கேயும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெல்லத்தின் சர்க்கரை இறுகுவதைத் தள்ளிப்போடும். கோடை குறுகிய ஊரில் அந்த நேரம் கிடையாது.

இனி வேலை. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு சதுர அடிக்கு மேல் இடுக்கைத் தோண்டி வைக்காதீர்கள். உள்ளே களிமண் என்பதை மறக்க வேண்டாம். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். முக்கால் அங்குல இடுக்கு என்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். அதற்குள் நல்ல சாந்து வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தூசியைத் தூரிகையாலும் வாக்குவத்தாலும் எடுங்கள். முந்தின மாலை ஒருமுறையும், வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறையும் தண்ணீர் தெளியுங்கள். கல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு அது இறுகாமல் வெறும் மாவாகும்.

சாந்தை உலர்வாகக் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 15 நிமிடம் குழைத்து, 20 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி குழையுங்கள். ஆரம்பத்தில் வறட்சியாகத் தோன்றும், தண்ணீர் ஊற்றக் கை துடிக்கும். குழையக் குழைய இளகும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, உள்ளங்கையில் ஒட்டாமல் வந்தால் பதம்.

இடுக்கைவிடக் குறுகிய இரும்புப் பட்டையால் பின்னாலிருந்து முன்னால் அழுத்தி நிரப்புங்கள், ஒரு நடைக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெருவிரல் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் அளவு இறுகியதும் அடுத்த நடை. அகலமான இடுக்கில் சில்லுக் கல் சொருகுங்கள். முழுக்கச் சாந்தாக நிரப்பினால் சுருங்கி வெடிக்கும். கடைசி நடை கல்லின் விளிம்புக்கு நூல் அளவு உள்ளே நிற்கட்டும், கல்லின் முகத்தில் இழுத்துப் பூச வேண்டாம். சில மணி நேரம் கழித்துக் கெட்டித் தூரிகையின் நுனியால் தட்டிக் கொடுங்கள். சுருக்க விரிசல் மூடும், மேலே படிந்த சுண்ணாம்புத் தோல் போய் மணல் தெரியும், சுவர் மூச்சு விடும்.

பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, நாளைக்கு இரண்டு மூன்று முறை பனி போலத் தண்ணீர் தெளித்து, ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேரே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறதா? சீக்கிரம் காய்ந்துவிட்டது. கல்லின் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடுகிறதா? தண்ணீர் அதிகம், அல்லது தட்டிக் கொடுக்கவில்லை.

கண்ணாடி, கையுறை இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சாந்தைக் கொத்தும்போது சிலிக்கா தூசிக்குப் பி100 முகமூடி. 1978-க்கு முந்தைய எந்த வீட்டிலும் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்கு வரும் ஒப்பந்தக்காரரிடம் ஈயச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் தெரிந்தால்தான் பழமை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டு ரசனை. சாலையைப் பார்க்கும் முகத்துக்குச் செதுக்கிய கல் வைத்தவர்கள், பக்கச் சுவர்களைச் சும்மா அடுக்கிச் சுண்ணாம்பு பூசி மறைத்த வீடுகள் நிறைய. அந்தப் பூச்சை உரித்தது அலங்காரம் என்று நினைத்துச் செய்தது. சுவரின் சட்டையைக் கழற்றியதுதான் மிச்சம். இடுக்குகளில் பழைய பூச்சின் துணுக்கு இருந்தால் திரும்பப் பூசுவதை யோசியுங்கள். குறைந்தபட்சம் வெள்ளையடியுங்கள்: சுண்ணாம்புக் குழம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, ஒரு நாள் இடைவெளியில் நாலைந்து பூச்சு. அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், காய்ந்ததும்தான் வெள்ளை தெரியும். கனமாக அடித்தால் உரியும்.

கொட்டில்கள்

வீட்டுக்குச் சொன்னதை அப்படியே கொட்டில்களுக்குச் செய்தால் கெடுத்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் தனி எதிரி.

ஸ்பிரிங் ஹவுஸ் ஊற்றின்மேலேயே கட்டியது. ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்கச் சுமார் 50 முதல் 55 பாரன்ஹீட்டில் இருக்கும். கல் தொட்டியில் அது ஓட, பால் சட்டியை அதில் இறக்கி வைப்பார்கள். இந்தக் கட்டடம் ஈரமாகத்தான் இருக்க வேண்டும். இதைக் காயவைக்கப் பார்த்து, தரைக்கு கான்கிரீட் போட்டு, வெளியேறும் வாயை அடைத்தால் ஊற்று வேறு வழி தேடிச் சுவருக்கு அடியில் மண்ணை அரிக்கும். ஆகஸ்டில் நீர்வரத்துக் குறைந்த சமயம் வண்டலைக் கையால் வாரி, வெளிக்கால்வாயைத் திறந்துவிடுங்கள். வாயில் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை போட்டால் எலியும் தவளையும் வராது. தண்ணீர் படும் அடிவரிசைக் கல்லுக்கு என்.எச்.எல். 5, அதற்கு மேல் 3.5. மக்கிய நிலைச்சட்டத்துக்கு வெள்ளை ஓக் போடுங்கள், மருந்தேற்றிய மரம் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம். கோலிஃபார்ம், நைட்ரேட் சோதனை பார்க்காமல் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். ஓடையின் குறுக்கே எதைக் கட்டுவதானாலும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதியைக் கேளுங்கள்.

ஸ்மோக் ஹவுஸ் வேறு கதை. பன்றித் தொடையை உப்பில் புரட்டித் தொங்கவிட்டுப் புகையேற்றிய அறை. பல தலைமுறையாகச் சொட்டிய உப்பு தரையிலும் சுவரின் அடி மூன்று அடியிலும் ஊறியிருக்கிறது. அடையாளம் எளிது: மழையே பெய்யாத ஜூலை மாதத்திலும் அந்தப் பகுதி மட்டும் கறுத்து நனைந்திருக்கும், ஏனென்றால் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. காற்று காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, படிகம் விரிந்து கல்லைப் பொரித்துத் தள்ளும். கல்லின் முகத்தை விரலால் தொட்டால் ரவையாக உதிரும்.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உப்பு இன்னும் ஆழமாகப் போகும். காய்ந்த நாளில் மெல்லிய தூரிகையால் பெருக்கி, வாக்குவத்தால் எடுங்கள். தரையின் மேல்மண்ணை ஆறு அங்குலம் அள்ளி, தோட்டத்தில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பிறகு காகிதக் கூழையோ வெண்களிமண்ணையோ காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து, அரை முதல் ஓர் அங்குலக் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். அது காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்ததும் எடுத்தெறிந்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மூன்று நான்கு முறை தேவைப்படும். கடைசியில் மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று. சில வருடத்தில் அது உதிரும், உதிரத்தான் பூசுகிறோம், மறுபடி பூசுங்கள். மேற்சுவரிலும் கூரைக் கட்டையிலும் பளபளக்கும் கரிப்படலத்தைத் தொட வேண்டாம். அது அழுக்கு என்று தேய்த்தவர்கள் அந்தக் கட்டடம் எதற்கு இருந்தது என்பதற்கான சான்றையே துடைத்துவிட்டார்கள்.

இதே உப்புக் கோளாறு தொழுவத்திலும் உண்டு, அங்கே சாணமும் மூத்திரமும் தரும் நைட்ரேட். வைத்தியம் ஒன்றேதான்.

பேங்க் பார்ன் எனப்படும் பெரிய களஞ்சியம் மேட்டுச் சரிவில் கட்டியது. மேட்டுப் பக்கம் மண் சரிவுப் பாதையில் வண்டி நேரே மேல்தளத்துக்கு ஏறும். தாழ்ந்த பக்கம், பெரும்பாலும் தெற்கு நோக்கி, கீழே தொழுவம், அதன்மேல் தளம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதன் எதிரி சரிவுப் பாதையின் மண். நனைந்து கனத்து, உறைந்து விரிந்து, சுவரை உள்ளே தள்ளும். மேட்டின் மேற்புறம் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி மழைநீரை இரு பக்கமும் திருப்புங்கள், அந்தப் பக்கக் கூரைக்கு மழைநீர்த் தகரத்தை முதல் வேலையாகப் போடுங்கள். டிராக்டரை அந்தப் பாதையில் ஏற்றுமுன் தாங்குமா என்று ஆளை வைத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள ஒடுக்கமான காற்றுப் பிளவுகளை, பறவை வருகிறது என்று பலகை வைத்து அடைக்காதீர்கள், வலை போடலாம். பழைய வைக்கோல் முழுவதையும் வெளியேற்றுங்கள், ஈரமும் தீயும் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. வெளியே நீட்டிய தளம் தொங்கியிருந்தால் ஜாக்கி வைத்து ஒரே மூச்சில் தூக்கக் கூடாது; வாரத்துக்கு கால் அங்குலம் என்ற கணக்கில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மரமுளை ஒடியும்.

தனிக் கழிப்பறைக் கொட்டிலுக்குக் கூரையும் அடிச்சட்டமும் பார்த்தால் போதும். மண்மேடு மூடிய நிலத்தடிக் காய்கறி அறையின்மேல் மரம் வளர விடக் கூடாது; வேர் வளைவுக் கல்லைப் பிளந்துவிடும்.

மிஞ்சியது ரொட்டி அடுப்பு. வீட்டுப் புகைபோக்கியோடு சேர்ந்திருந்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் இரண்டாம் நிலை ஆய்வு முடியும்வரை தீ மூட்டாதீர்கள்: பழைய புகைக்குழாய்க்கு உள்ளுறை இருக்காது, களிமண் சாந்து உதிர்ந்த இடுக்கு வழியே பொறி நேரே மரச்சட்டத்துக்குப் போகும். தனியாக நிற்கும் அடுப்பு என்றால் வளைவின் உட்பக்கத்தைக் களிமண்ணும் மணலும் கலந்த சாந்தால் செப்பனிடுங்கள்; நெருப்பு நேரே படும் இடத்தில் சுண்ணாம்பும் நிற்காது, சிமென்டும் நிற்காது. இரண்டு மூன்று வாரம் நிழலில் காயட்டும். முதல் நாள் கைப்பிடிச் சுள்ளி, அரை மணி நேரம். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட. வெளிச்சுவரில் ஈரக்கறை தெரிந்தால் அன்று அதற்கு மேல் விறகு போடாதீர்கள். ஒரு வாரம் இப்படி ஏற்றிய பிறகு முழுத் தீ மூட்டலாம்.